போவை முழுதாகப் படிக்க எந்தப் பதிப்பு?

கேள்வி இதுதான்: "அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போவின் சில கதைகளைத் தனித்தனியாகப் படித்திருக்கிறேன். இனி முழுவதையும் படிக்க ஆசை. 'முழுப் படைப்புகள்' என்ற பெயரில் ஒரே தடித்த புத்தகமும் கிடைக்கிறது, பல தொகுதிகளாகவும் கிடைக்கிறது. விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. உள்ளே இருப்பது ஒன்றுதானே? எதை வாங்குவது, எங்கே தொடங்குவது?"

உள்ளே இருப்பது ஒன்றல்ல. அதனால்தான் பதில் நீள்கிறது. அவசரமாக வாங்க வேண்டியவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 1984இல் 'லைப்ரரி ஆஃப் அமெரிக்கா' வரிசையில் வந்த இரண்டு தொகுதிகள். பேட்ரிக் குவின் பதிப்பித்த ஒன்றில் கவிதைகளும் கதைகளும் இருக்கின்றன, ஜி. ஆர். தாம்சன் பதிப்பித்த மற்றொன்றில் கட்டுரைகளும் மதிப்புரைகளும். இரண்டுமே ஆயிரம் பக்கங்களைத் தாண்டியவை. ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் கவிதை, கதைத் தொகுதியை வாங்குங்கள். குறிப்புகளோடு ஆழ்ந்து படிக்க விரும்பினால் தாமஸ் ஆலிவ் மேபட்டின் பதிப்பு. அதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

நான் முதலில் வாங்கியது இவை எதுவும் அல்ல. பழைய புத்தகக் கடையில் எடுத்த ஒரு தலையணைப் புத்தகம். பக்கத்துக்கு இரண்டு பத்தி, கண்ணை உறுத்தும் பொடி எழுத்து. கதைகள் எந்த ஆண்டு வந்தவை என்ற குறிப்பு இல்லை, பதிப்பாசிரியர் பெயர் இல்லை. அட்டையில் மட்டும் 'முழு' என்று பெரிதாகப் போட்டிருந்தது. அதில்தான் 'பெரனிஸ்' என்ற கதையைப் படித்தேன். ஏகியஸ் என்பவன் தன் மாமன் மகளின் பற்களின் மீது பித்தாகிவிடுகிறான். அவள் இறந்து புதைக்கப்படுகிறாள். பிறகு ஓர் இரவு நூலகத்தில் தன்னினைவு திரும்பும்போது அவன் மேசையில் ஒரு சிறிய பெட்டி இருக்கிறது. ஆடையில் சேறும் இரத்தமும். சுவரோரம் ஒரு மண்வெட்டி. பெட்டி கைநழுவி விழுந்து உடைகிறது. முப்பத்திரண்டு வெண்ணிறத் துண்டுகள் தரையில் சிதறுகின்றன. புதைக்கப்பட்டவள் உயிரோடுதான் இருந்திருக்கிறாள்.

பல வருடங்கள் கழித்து அதே கதையை வேறொரு பதிப்பில் படித்தபோது நான்கு பத்திகள் கூடுதலாக இருந்தன. புதைப்பதற்கு முன் ஏகியஸ் அவள் உடல் கிடத்தப்பட்ட அறைக்குப் போகிறான். திரையை விலக்குகிறான். தாடையைக் கட்டியிருந்த துணி நழுவிப் பற்கள் தெரிகின்றன. சவத்துணிக்குள் விரல் அசைந்தது போல அவனுக்குத் தோன்றுகிறது. எனக்கு ஒரே குழப்பம். என்னுடைய புத்தகத்தில் யாரோ வெட்டிவிட்டார்களா, அல்லது இதில் யாரோ சேர்த்துவிட்டார்களா?

வெட்டியவர் போவேதான். 1835 மார்ச்சில் ரிச்மண்டின் 'சதர்ன் லிட்டரரி மெசஞ்சர்' இதழில் கதை வந்தபோது அந்த நான்கு பத்திகள் இருந்தன. கதை அளவுக்கு மீறிக் கொடூரமாக இருக்கிறது என்ற குற்றச்சாட்டு எழுந்தது; போவும் இதழின் உரிமையாளருக்கு எழுதிய கடிதத்தில் அதை ஒப்புக்கொண்டார். பத்து ஆண்டுகள் கழித்து, 1845இல் தானே நடத்திய 'பிராட்வே ஜர்னல்' இதழில் மறுபடி வெளியிட்டபோது அந்தப் பகுதியை எடுத்துவிட்டார். வாசகருக்கு அஞ்சிச் செய்தார் என்று மட்டும் நான் நினைக்கவில்லை. விரல் அசைந்ததை நாம் முன்கூட்டியே பார்த்துவிட்டால் கடைசிப் பக்கத்தின் அடி பாதியாகிவிடும். எடுத்த பிறகு, அந்தப் பெட்டி உடையும் வரை நமக்கு எதுவும் தெரியாது. கதை இறுகிவிட்டது.

போவைப் பற்றி நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவதே இதுதான். குடித்துவிட்டு, காய்ச்சல் கண்டவர் போல இருட்டில் உட்கார்ந்து கிறுக்கித் தள்ளியவர் என்று ஒரு படம் எல்லோர் மனத்திலும் இருக்கிறது. அச்சில் வந்த தன் எழுத்தை இருபது ஆண்டுகளாக விடாமல் செதுக்கிக்கொண்டே இருந்த தொழிலாளி அவர். எந்தப் பதிப்பை வாங்குகிறோம் என்பது அந்த மனிதரில் எவரைச் சந்திக்கப்போகிறோம் என்பதைத் தீர்மானிக்கிறது.

இன்னும் ஓர் இடம் பாருங்கள். 'டு ஹெலன்' என்ற சிறு கவிதை 1831இல் முதலில் அச்சானபோது, அவள் அழகு கவிஞனை எங்கே கொண்டு சேர்த்தது என்று சொல்லும் இரண்டு அடிகள், 'அழகிய கிரேக்கத்தின் எழிலுக்கும் பழைய ரோமின் மாட்சிக்கும்' என்ற பொருளில் இருந்தன. யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய அடிகள். 1840களில் அதைத் திருத்துகிறார்: 'கிரேக்கம் என்று ஒன்று இருந்ததே, அந்தப் புகழுக்கு, ரோம் என்று ஒன்று இருந்ததே, அந்த மாட்சிக்கு.' 'அழகிய', 'பழைய' என்ற இரண்டு அடைமொழிகள் போய், அந்த இடத்தில் 'இருந்தது' என்ற இறந்தகால வினை உட்கார்ந்துகொண்டது. 'எழில்' என்பது 'புகழ்' ஆனது. அவ்வளவுதான் மாற்றம். ஆனால் இன்று ஆங்கிலம் படித்தவர்கள் மேற்கோள் காட்டுவது இந்த இரண்டாவது வடிவத்தைத்தான். இழந்துபோனதன் கனம் அந்த ஒரு வினைச்சொல்லில் இருக்கிறது.

சங்க நூல்களின் நல்ல பதிப்புகளில் அடிக்குறிப்பில் பாடபேதம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஒரு வேறுபாடு உண்டு. அங்கே ஏடு எழுதியவர்களால் பாடம் மாறியது. இங்கே ஆசிரியரே மாற்றியிருக்கிறார். ஆகவே எது போவின் கடைசிக் கை பட்ட பாடம் என்று தேடிக் கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் பதிப்பாசிரியரின் வேலை.

அப்படியானால் அவரே தன் தொகுப்பைச் செய்துவிட்டுப் போயிருக்கலாமே என்று தோன்றும். ஆசைப்பட்டார், நடக்கவில்லை. 1827இல், பதினெட்டு வயதில், பாஸ்டனில் வந்த முதல் நூல் 'டாமர்லேனும் பிற கவிதைகளும்'. அட்டையில் அவர் பெயர்கூட இல்லை. 'ஒரு பாஸ்டன்காரர்' என்று மட்டும் இருந்தது. 1840ஆம் ஆண்டு தேதியிட்டு ஃபிலடெல்ஃபியாவில் வந்தது 'டேல்ஸ் ஆஃப் த கிரோட்டெஸ்க் அண்ட் அராபெஸ்க்'. இரண்டு தொகுதிகள், இருபத்தைந்து கதைகள். எழுதியவருக்குக் கிடைத்த ஊதியம் பணமல்ல, சில பிரதிகள். அதன் முன்னுரையில்தான் தன்னுடைய திகில் ஜெர்மானியக் கதைகளிலிருந்து இறக்குமதியானதல்ல, மனித ஆன்மாவுக்குள்ளிருந்து வருவது என்று எழுதினார். மறுபதிப்புக்குக் கேட்டபோது, முதல் பதிப்பின் செலவே இன்னும் திரும்பவில்லை என்று பதிப்பகத்தார் மறுத்துவிட்டார்கள். 1842இல் புதிய கதைகளையும் சேர்த்து 'ஃபேன்டசி பீசஸ்' என்று தலைப்பிட்டு, பொருளடக்கத்தைத் தன் கையாலேயே எழுதி வைத்தார். அந்த நூல் வரவே இல்லை.

1845இல் 'த ரேவன்' (அண்டங்காக்கை) கவிதையால் ஊர் முழுக்கப் பெயர் பரவிய பிறகு நியூயார்க்கின் வைலி அண்ட் புட்னம் பன்னிரண்டு கதைகள் கொண்ட ஒரு நூலை வெளியிட்டது. தேர்ந்தெடுத்தவர் எவர்ட் டைகிங்க் என்ற இலக்கிய ஆலோசகர். அவருக்குத் துப்பறியும் கதைகளிலும் தர்க்கத்திலும் நாட்டம். போ படைத்த துப்பறிவாளர் டியூபான் வரும் மூன்று கதைகளும் அதில் இருந்தன. 'லிஜியா' இல்லை, 'செம்மரண முகமூடி' இல்லை, 'காட்டிக்கொடுத்த இதயம்' இல்லை. மறு ஆண்டு நண்பர் ஃபிலிப் குக்குக்கு எழுதிய கடிதத்தில் போ மனம் நொந்து பேசுகிறார். இந்தத் தேர்வு என் மனத்தின் பல முகங்களைக் காட்டவில்லை. கதைகளை நான் நீண்ட இடைவெளியில் ஒவ்வொன்றாக எழுதினாலும் எல்லாம் சேர்ந்து ஒரே நூலாக நிற்க வேண்டும் என்பதை எப்போதும் மனத்தில் வைத்திருந்தேன் என்பது அதன் சாரம். எல்லாக் கதைகளையும் ஒரே பெரிய நூலாக வைத்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அவற்றின் பல்வகைமைதான் என்றும் சொல்கிறார். முழுத் தொகுப்பு வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படுவது அவருடைய ஆசையும்கூட.

அந்த நூல் வந்தது. அவர் இறந்த பிறகு, அவரை வெறுத்தவர் கையால்.

1849 அக்டோபர் 7ஆம் தேதி பால்டிமோர் மருத்துவமனையில் போ இறந்தார். வயது நாற்பது. இரண்டே நாளில் 'நியூயார்க் டிரிப்யூன்' பத்திரிகையில் 'லுட்விக்' என்ற புனைபெயரில் ஒரு மரணக் குறிப்பு வந்தது. போ இறந்துவிட்டார், பலர் திடுக்கிடுவார்கள், வருந்துபவர்கள் சிலரே என்று அது தொடங்கியது. எழுதியவர் ரூஃபஸ் கிரிஸ்வோல்டு. அமெரிக்கக் கவிதைத் தொகுப்பு ஒன்றால் பெயர் பெற்றவர். அந்தத் தொகுப்பைப் போ கடுமையாக விமர்சித்திருந்தார். 'கிரஹாம்ஸ்' இதழில் போ விட்டுப்போன ஆசிரியர் பொறுப்புக்கு வந்தவரும் இவரே. போவின் மாமியாரும் அத்தையுமான மரியா கிளெம், கையில் காசில்லாத நிலையில், பதிப்பிக்கும் அதிகாரத்தை இவருக்கே எழுதிக் கொடுத்தார். அதில் அந்த மூதாட்டிக்குக் கிடைத்தது பணமல்ல, தானே விற்றுக்கொள்ளச் சில பிரதிகள்.

கிரிஸ்வோல்டின் பதிப்பு 1850 முதல் 1856 வரை நான்கு தொகுதிகளாக வந்தது. அதோடு ஒரு வாழ்க்கைக் குறிப்பும் எழுதிச் சேர்த்தார். வர்ஜீனியா பல்கலைக்கழகத்திலிருந்து போ விலக்கப்பட்டார் என்றார். உண்மையில் கடன் தொல்லையால்தான் அவர் படிப்பைத் தொடர முடியவில்லை. இராணுவத்திலிருந்து ஓடிவிட்டார் என்றார். உண்மையில் சார்ஜென்ட் மேஜர் பதவி வரை உயர்ந்து முறையாக விடுவிக்கப்பட்டவர் அவர். போவின் கடிதங்களை வெளியிடும்போது அவற்றில் தன்னைப் புகழும் வாக்கியங்களைத் தானே எழுதி நுழைத்தார். நண்பர்களைப் போ பின்னால் இழித்துப் பேசியது போலவும் திரித்தார். ஆர்தர் ஹாப்சன் குவின் 1941இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் மூலக் கடிதத்தையும் கிரிஸ்வோல்டு அச்சிட்டதையும் அக்கம்பக்கமாக வைத்துக் காட்டினார். கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு அந்தப் பொய் அச்சிலேயே வாழ்ந்துவிட்டது. இன்றும் மலிவுப் பதிப்புகளின் முன்னுரைகளில் அதன் நிழல் விழுந்து கிடப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. இறந்தவனால் மறுப்புக் கடிதம் எழுத முடியாது.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. போ திருத்தி வைத்திருந்த பாடங்கள் சில நமக்குக் கிடைத்திருப்பது கிரிஸ்வோல்டின் பதிப்பு வழியாகத்தான். மனிதரை அழித்தவர், எழுத்தைக் காப்பாற்றினார். பிரான்ஸில் கவிஞர் போதலேர் போவை மொழிபெயர்த்ததற்கும் அந்தப் பதிப்பே கைகொடுத்தது. 1856இல் தொடங்கி அவர் கொண்டுவந்த மொழிபெயர்ப்புத் தொகுதிகளால் பிரெஞ்சு இலக்கியத்தில் போவுக்குக் கிடைத்த இடம், சொந்த நாட்டில் அவருக்கு வெகுகாலம் கிடைக்கவில்லை.

பிறகு வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1874-75இல் ஜான் இங்கிராம் என்ற ஆங்கிலேயர் போவின் பெயரைத் துடைத்தெடுக்கும் நோக்கத்தோடு நான்கு தொகுதிகள் வெளியிட்டார். 1902இல் ஜேம்ஸ் ஹாரிசன் பதினேழு தொகுதிகளில் ஒரு பதிப்பைக் கொண்டுவந்தார். இருபதாம் நூற்றாண்டில் மேபட். வாழ்நாளில் பெரும்பகுதியை இந்த ஒரு வேலைக்கே கொடுத்தவர். 1968இல் இறந்துவிட்டார், முதல் தொகுதியான கவிதைகள் மறு ஆண்டு ஹார்வர்டு வழியாக வந்தது. கதைகள் இரண்டு தொகுதிகளாக 1978இல், அவர் மனைவி மாரீன் உதவியோடு வந்தன. உண்மையான செம்பதிப்பு என்றால் இதுதான். ஒவ்வொரு கதைக்கும் எந்தெந்த இதழில் எப்போது வந்தது, எந்தச் சொல் எங்கே மாறியது, எந்த நிகழ்ச்சியிலிருந்து கரு கிடைத்தது என்று எல்லாம் இருக்கும். படிக்கப் படிக்கப் பக்கத்தில் ஓர் ஆசிரியர் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். முதல் வாசிப்புக்கு இது வேண்டாம் என்பேன். அடிக்குறிப்பு கண்ணை இழுத்துக்கொண்டே இருந்தால் கதை பயமுறுத்தாது. இரண்டாவது வாசிப்புக்கு இதற்கு நிகர் இல்லை.

வாங்கப் பணம் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. பால்டிமோரில் இயங்கும் போ சங்கம், அவருடைய படைப்புகள் ஒவ்வொன்றின் பல்வேறு பாடங்களையும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 'பெரனிஸ்' கதையின் இரண்டு வடிவங்களையும் நான் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தது அங்கேதான்.

மலிவான 'முழுத் தொகுப்பு' ஒன்றைக் கையில் எடுத்தால் பொருளடக்கத்தில் மூன்று பெயர்களைத் தேடுங்கள்: போவின் ஒரே முழுநீள நாவலான 'ஆர்தர் கார்டன் பிம்' (1838), பிரபஞ்சத்தைப் பற்றி அவர் எழுதிய 'யுரேகா' (1848), 'அலோன்' என்ற கவிதை. பலவற்றில் முதல் இரண்டில் ஏதாவது ஒன்று இருக்காது. 'அலோன்' அவர் உயிரோடு இருந்தபோது அச்சேறாத கவிதை. ஒரு பெண்ணின் கையெழுத்து ஏட்டில் எழுதிக் கொடுத்தது. 1875இல்தான் வெளியே வந்தது. ஆகவே பழைய கிரிஸ்வோல்டு பதிப்பை அப்படியே மறு அச்சு செய்தவர்களிடம் அது இருக்காது. மதிப்புரைகள் எந்த ஒற்றைத் தொகுதியிலும் முழுமையாக இருக்காது. அதற்காக வருந்த வேண்டாம். 'டேல்ஸ் ஆஃப் மிஸ்டரி அண்ட் இமாஜினேஷன்' என்ற புகழ்பெற்ற தலைப்பில் ஏதாவது கிடைத்தால், அது போ வைத்த தலைப்பு அல்ல, பின்னால் வந்த பதிப்பகங்கள் வைத்தது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அந்தத் தலைப்பில் 1919இல் ஹாரி கிளார்க்கின் ஓவியங்களோடு வந்த பதிப்பு மட்டும் விதிவிலக்கு. அதன் கருப்பு வெள்ளைக் கோட்டோவியங்களுக்காகவே அதை வைத்துக்கொள்ளலாம்.

இனி, எங்கே தொடங்குவது என்ற கேள்வி. முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்காதீர்கள். ஆண்டு வரிசைத் தொகுப்பில் முதலில் வருபவை அக்கால இதழ்களின் பாணியைக் கேலி செய்து எழுதிய நகைச்சுவைக் கதைகள். கேலிக்கு ஆளானவை மறைந்துபோனதால் கேலியும் வற்றிவிட்டது. அங்கே சிக்கிக்கொண்டு புத்தகத்தை மூடியவர்களை எனக்குத் தெரியும்.

'அமோன்டிலாடோ பீப்பாய்' (1846) கதையில் தொடங்குங்கள். அரை மணி நேரம் போதும். திருவிழா இரவு. மோன்ட்ரெசோர் தன் பகைவன் ஃபோர்ச்சுனேட்டோவை அரிய ஒயின் இருப்பதாகச் சொல்லிக் குடும்பக் கல்லறைகள் நிறைந்த நிலவறைக்கு அழைத்துப் போகிறான். போகும் வழியில் ஃபோர்ச்சுனேட்டோ ஒரு விசித்திரமான சைகை காட்டுகிறான். மோன்ட்ரெசோருக்குப் புரியவில்லை. 'நீ மேசன் இல்லையா?' என்கிறான். மேசன் என்ற சொல்லுக்கு ரகசியச் சங்கத்தின் உறுப்பினர் என்றும் பொருள், கொத்தனார் என்றும் பொருள். 'மேசன்தான்' என்று சொல்லி மோன்ட்ரெசோர் தன் மேலங்கிக்குள்ளிருந்து எடுத்துக் காட்டுவது ஒரு கரணை. குடிபோதையில் இருப்பவன் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு மேலே நடக்கிறான். சற்று நேரத்தில் அந்தக் கரணையால்தான் அவனை உயிரோடு வைத்துச் சுவர் எழுப்பப்படுகிறது. பதினோரு வரிசைக் கல். கடைசிக் கல்லை வைக்கும்போது உள்ளிருந்து வருவது அவன் தொப்பியில் கட்டிய மணிகளின் கிணுகிணுப்பு மட்டும்.

படித்து முடித்த பிறகு இரண்டாவது வாக்கியத்துக்குத் திரும்பிப் போங்கள். 'என் ஆன்மாவின் இயல்பை நன்கறிந்த உங்களுக்கு' என்று மோன்ட்ரெசோர் யாரையோ நேராக விளித்துப் பேசுகிறான். கடைசி வரிகளில், அந்த எலும்புகளை அரை நூற்றாண்டாக யாரும் தொடவில்லை என்கிறான். ஆக, ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒரு கிழவன் யாரிடமோ இதைச் சொல்கிறான். மரணப் படுக்கையில் பாதிரியாரிடமா? வருந்தியா, பெருமையாகவா? பழிவாங்கத் தூண்டிய அவமானம் என்ன என்றுகூடக் கடைசி வரை சொல்லவில்லை. பத்துக்கும் மேற்பட்ட முறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு பதில் தோன்றியிருக்கிறது.

அடுத்து 'காட்டிக்கொடுத்த இதயம்' (1843). கிழவர் ஒருவரின் வெளிர் நீலக் கண்ணைப் பொறுக்காமல் அவரைக் கொல்பவன், தான் பைத்தியமில்லை என்று நிரூபிப்பதற்காகவே கதை சொல்கிறான். இருட்டில் அவன் காதில் ஓர் ஒலி விழுகிறது: பஞ்சில் சுற்றி வைத்த சட்டைப்பைக் கடிகாரம் எழுப்புவது போன்ற, தாழ்ந்த, மங்கிய, விரைவான ஒலி. அதைக் கிழவரின் இதயம் என்கிறான். கொலைக்குப் பிறகு போலீஸ்காரர்கள் மூவர் வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது, ஏறத்தாழ அதே வாக்கியம் அதே உவமையோடு மறுபடி வருகிறது. கிழவர் துண்டுகளாகப் பலகைக்குக் கீழே கிடக்கிறார். அப்படியானால் முதல் முறை கேட்டது யாருடைய இதயம்? ஒரு வாக்கியத்தைத் திரும்பச் சொல்வதாலேயே கதை முழுவதையும் புரட்டிப் போடுகிறார். குடிகாரன் கைக்கு வராத வேலை இது.

இந்த இரண்டும் பிடித்தால் 'அஷர் மாளிகையின் வீழ்ச்சி', 'செம்மரண முகமூடி', 'லிஜியா' என்று போங்கள். பிறகு ஒரு மாறுதலுக்காகப் பாரிஸில் நடக்கும் டியூபான் கதைகள் மூன்று. அந்த நகரத்துக்குப் போ ஒருநாளும் போனதில்லை. இவற்றில் 'திருடப்பட்ட கடிதம்' மிகச் சிறந்தது. ஒரு துளி இரத்தம் கிடையாது. 'தங்க வண்டு' புதையலும் ரகசிய எழுத்தும் கொண்ட விறுவிறுப்பான கதை. ஆனால் அதில் ஜூப்பிட்டர் என்ற கறுப்பின வேலைக்காரரைச் சித்தரித்திருக்கும் விதம் அடிமை முறை நிலவிய நாட்டின் இழிவான பார்வைதான். அதைப் பூசி மெழுகாமல் படிக்க வேண்டும். முடிவு பெறாத 'ஜூலியஸ் ராட்மன்' என்ற பயணக் கதையைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள், தவறவிட்டாலும் இழப்பில்லை.

கதைகளை மொழிபெயர்ப்பில் படிக்கலாம். கவிதைகளை ஆங்கிலத்தில், வாய்விட்டுப் படியுங்கள். 'த ரேவன்' பதினெட்டுப் பாடல்கள், நூற்றெட்டு அடிகள். மூன்றாம் பாடலில் ஊதாத் திரைகள் சலசலக்கும் அடியில் 'சில்கன், சேட், அன்சர்ட்டன்' என்று சகரம் தொடர்ந்து உரசிக்கொண்டு வரும். அந்த 'அன்சர்ட்டன்' என்ற சொல்லுக்கு அடியின் கடைசியில் 'கர்ட்டன்' வந்து இயைபாக நிற்கும். மோனையும் எதுகையும் கேட்டு வளர்ந்த காதுக்கு இது அந்நியமாகவே இருக்காது. அகராதி பிறகு, முதலில் ஓசை.

அந்தக் கவிதையை எப்படிக் கட்டினேன் என்று 1846இல் 'எழுத்தின் தத்துவம்' என்ற கட்டுரையில் விளக்குகிறார். ஏறத்தாழ நூறு அடி என்று நீளத்தை முதலில் முடிவு செய்தேன். திரும்பத் திரும்ப வரும் ஒரே சொல் வேண்டும் என்று 'நெவர்மோர்' ('இனி ஒருபோதும் இல்லை') என்பதைத் தேர்ந்தேன். அதை அர்த்தமில்லாமல் சொல்லிக்கொண்டே இருக்க ஒரு பறவை வேண்டும், முதலில் தோன்றியது கிளி என்கிறார். அப்படியே நடந்ததா என்று ஐயப்படுபவர்கள் உண்டு. எனக்கும் முழு நம்பிக்கை இல்லை. ஆனால் தன்னை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவர் விரும்பினாரோ அது அங்கே இருக்கிறது: அளந்து, எண்ணி, சொல்லைத் தட்டிப் பார்த்து எடுக்கும் கைவினைஞர். அதனால்தான் வசதிப்பட்டபோது கட்டுரைகளும் மதிப்புரைகளும் கொண்ட இரண்டாவது தொகுதியையும் வாங்கச் சொல்கிறேன். மதிப்புரை எழுதிப் பிழைத்த மனிதர் அவர். பிறர் கதையில் எந்த வாக்கியம் வீண் என்று நூற்றுக்கணக்கான பக்கங்களில் கணக்குப் பார்த்த கண்தான் தன் கதையிலிருந்து நான்கு பத்திகளை வெட்டியது.

துயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அவரை இரண்டு வயதில் விட்டுப்போன தாய் எலைசாவுக்கு இறக்கும்போது வயது இருபத்து நான்கு. 1847 ஜனவரியில் காசநோயால் இறந்த மனைவி வர்ஜீனியாவுக்கும் இருபத்து நான்கு. இதைத் தெரிந்துகொண்டு கவிதைகளைப் படிக்கும்போது மனம் கனக்கத்தான் செய்யும். ஆனால் ஒவ்வொரு கதைக்கும் வாழ்க்கையில் சாவி தேடாதீர்கள். கதையில் பேசும் கொலைகாரனையும் எழுதிய மனிதரையும் ஒன்றாக்கிக் காட்டியது கிரிஸ்வோல்டின் வேலை.

கடைக்குப் போனால் இன்னும் ஒரு சோதனை செய்து பாருங்கள். 'அன்னபெல் லீ' கவிதையின் கடைசி அடிக்குப் போங்கள். போ இறந்து இரண்டாம் நாள், அந்த மரணக் குறிப்போடு சேர்ந்து 'டிரிப்யூன்' இதழில் முதன்முதலாக அச்சான பாடத்தில், அவள் கல்லறை 'முழங்கும் கடலருகே' இருக்கிறது. இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் ரிச்மண்ட் இதழாசிரியர் ஜான் தாம்சனிடம் போ எழுதிக் கொடுத்த படியில் அது 'கடலின் பக்கத்தில்' என்று மட்டும் இருக்கிறது, முழக்கம் இல்லை. உங்கள் கையிலுள்ள பதிப்பு இரண்டில் எதைப் போட்டிருந்தாலும் சரி. மற்றொன்று இருப்பதை எங்காவது ஒரு குறிப்பில் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். சொல்லியிருந்தால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.